முப்பத்தோரு தடவை உள்ளே வந்த அக்கா

அத்தியாயம் 4

“இயந்திரம் பொய் சொல்லாதுங்க” என்றார் விஷன் சார்.

“சொல்லி அதுக்கு என்ன ஆகப்போகுது சார்? அதுக்கென்ன வீட்டு லோனா இருக்கு?” என்றான் அப்டேட்.

அண்ணி மெல்லத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அப்டேட் வாயை மூடிக்கொண்டான்.

உறவு முறையில் அவர் அவனுக்கு மட்டும்தான் அண்ணி. ஆனால் இன்ஷூரன்ஸ் வட்டாரமே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. இருபது வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், எரிந்து போனதாகச் சொன்ன குடோன்களையும் காணாமல் போனதாகச் சொன்ன லாரிகளையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். கூட வரும் கொழுந்தனுக்கு வயது நாற்பத்தொன்று. எந்தத் தொழில்நுட்பம் புதிதாக வந்தாலும் முதல் ஆளாகக் குதித்து முதல் ஆளாக முழுகுகிறவன் என்பதால் ஊர் வைத்த பெயர் அப்டேட். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு உலகத்தில் மூன்று மனை வாங்கியிருந்தான். பத்திரம் கையில் இருக்கிறது, அந்த உலகத்தைத்தான் மூடிவிட்டார்கள். அடுத்து டிரோனில் மருந்து அனுப்பும் தொழில் தொடங்கினான். டிரோன் முதல் நாளே பறந்தது, இன்னும் திரும்பவில்லை. அப்போதுதான் அண்ணி, “தம்பி, சும்மா இருக்கிற நேரத்துல என்கூட வாங்களேன்” என்றார். நேரம் நிறைய இருந்ததால் வந்துவிட்டான்.

இன்றைக்கு இவர்களை அனுப்பியது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. காணாமல் போனது ஒரு மூளை.

விஷன் சாரின் அப்பா பூட்டும் கீலும் செய்து விற்றவர். மகன் கம்பெனியைக் கையில் வாங்கிய அன்றே ‘கதவு’ என்ற வார்த்தையைத் தடை செய்தார். இனி அது ‘நுழைவு அனுபவம்’. சாவி போயிற்று, முகம் வந்தது. கேமராவுக்கு முன்னால் நின்றால் போதும், ஆளைத் தெரிந்துகொண்டு திறக்கும். அந்தக் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மூளையாக இருந்து சிந்திப்பது என்று கையேட்டில் போட்டிருந்த கறுப்புப் பெட்டி, கூடத்தின் நடுவில் கண்ணாடி மேடையில் வைக்கப்பட்டிருந்தது. நேற்று மதியம் வரைக்கும்.

“இதைப் பாருங்க” என்று விஷன் சார் சுவர்த் திரையைத் தட்டினார். நேற்றைய தேதி, மதியம் 1.10. ஒரு முகம். நாற்பத்தாறு வயது இருக்கும். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்காமல், போட்டோ எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்து சிரித்த சிரிப்பு. கீழே ‘ஸ்டோர் கீப்பர். நம்பிக்கைப் புள்ளி 99.8’ என்று இருந்தது.

“சாப்பாட்டு நேரம். ஆபீஸ் காலி. எல்லாரும் எதிர் பில்டிங் கேன்டீன்ல. ஒன்று பத்துக்கு உள்ளே வந்தது இந்தம்மா ஒருத்தர்தான். ஒன்றரைக்குப் பெட்டி இல்லை. இதுக்கு மேல என்ன துப்பறியணும்?”

“அவங்க என்ன சொல்றாங்க?” என்று கேட்டார் அண்ணி.

“பன்னிரண்டரைக்கே லீவு போட்டுட்டுப் பல் டாக்டர்கிட்ட போனாங்களாம். சீட்டு காட்டறாங்க. கையால எழுதின சீட்டு!” அந்தக் ‘கையால’ என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் முகம் சுளித்தது. “அது ஒரு மனுஷன் எழுதினது. இது டேட்டா. எதை நம்பறது? சரி, நாலு மணிக்கு முதலீட்டாளர்கள் வர்றாங்க. அதுக்குள்ள ‘நான்தான் எடுத்தேன்’னு அந்தம்மா கையெழுத்துப் போட்டா, வேலையோட போகும். இல்லைன்னா நாலரைக்குப் போலீஸ்.”

“உங்க கிளெய்ம் பேப்பர்ல நீங்க இன்னும் கையெழுத்துப் போடலையே?”

“நீங்க ரிப்போர்ட் கொடுத்ததும் போட்டுடறேன். எல்லாம் ஒரே ஃப்ளோவா போகட்டும்.”

அண்ணி தலையாட்டினார். அவருடைய தலையாட்டலில் இருபது வகை உண்டு. இது ‘உன்னை அப்புறம் கவனிக்கிறேன்’ வகை என்று அப்டேட்டுக்குத் தெரியும்.

ஸ்டோர் அக்கா வெளியே, பைக் நிறுத்தும் ஷெட்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் ஸ்டோர் அக்காதான். ஆணி, திருகு, ஒயர், பல்பு எது வேண்டுமானாலும் அவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பதினொரு வருடத்தில் ஒரு திருகு கணக்கில் குறைந்ததில்லை. காலை எட்டரைக்கு வேலைக்கு வந்தவரை ‘உள்ளே வரக்கூடாது’ என்று அந்தப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். மடியில் கைபேசி துடித்துத் துடித்து அடங்கியது. அவர் எடுக்கவில்லை.

“பொண்ணு” என்றார் அண்ணியிடம். “ஆறாவது தடவை கூப்பிடறா. அவ ஃப்ரெண்டோட அப்பா இங்கதான் வேலை செய்யறார். நேத்தே ஆபீஸ் குரூப்ல என் முகத்தைப் போட்டு ‘இவங்கதான்’னு அனுப்பிட்டாங்க. அவகிட்ட நான் என்னத்தைச் சொல்றது? ‘அம்மா எடுக்கலடி’ன்னு பெத்த பொண்ணுகிட்ட சாட்சி சொல்லணுமா?”

கீழ்த்தாடை இன்னும் வீங்கியிருந்தது. பேசும்போது ஒரு பக்கம் மட்டும்தான் அசைந்தது. அப்டேட்டுக்கு ஏதாவது ஜோக் அடித்து அவரைத் தேற்றத் தோன்றியது. ஒன்றும் வரவில்லை.

“நேத்து ஒன்று பத்துக்கு எங்க இருந்தீங்க?”

“வாயைப் பொளந்துக்கிட்டு நாற்காலில படுத்திருந்தேன். டாக்டரைக் கேளுங்க, நர்சைக் கேளுங்க. கேட்டாத்தானே! நான் சொன்னா நான் மனுஷி, அது சொன்னா அது மெஷினு.”

அண்ணி அவர் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தார். “தம்பி, அந்த மெஷினோட பதிவேடு முழுசும் வேணும். ஒன்று பத்து மட்டும் இல்லை. மேலேயும் கீழேயும்.”

*

பதிவேடு கைக்கணினியில் வந்தது. அப்டேட் வாசலருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து உருட்டினான். இரண்டு நிமிடத்தில் நிமிர்ந்தான்.

“அண்ணி, நேத்து ஒரு நாள்ல ஸ்டோர் அக்கா எத்தனை தடவை உள்ளே வந்திருக்காங்க தெரியுமா? முப்பத்தோரு தடவை.”

“வெளியே?”

“வெளியே போறதுக்கு உள்பக்கம் ஒரு பட்டன். அழுத்தினா திறக்கும். அது பதிவாகாது. அதனால மெஷின் கணக்குப்படி அக்கா உள்ளே வந்துக்கிட்டே இருக்காங்க, வெளியே போகவே இல்லை. இப்போ உள்ளே ஒரு முப்பது அக்கா இருக்கணும்.”

“நேரம் பார்த்தீங்களா?”

“காலையில ஒன்பதை ஒட்டிப் பன்னிரண்டு. மதியம் ரெண்டு மணியை ஒட்டி எட்டு. அப்போ அக்கா வாயில பஞ்சோட வீட்ல இருக்காங்க. இதை விடுங்க, இன்னைக்குப் பாருங்க.” அவன் குரல் தானாகத் தாழ்ந்தது. “காலையிலேர்ந்து அவங்களை உள்ளேயே விடலை. ஆனா மெஷின் சொல்லுது, பன்னிரண்டு மணிக்குள்ள ஒன்பது தடவை வந்தாச்சு. முதல் தடவை 8.52.”

பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்த விஷன் சாரிடம் அண்ணி இதைக் கேட்டார். அவர் கண் இமைக்கவில்லை. “அதுதாங்க அர்ப்பணிப்பு. மூணு மாசமா சிறந்த ஊழியர் அவங்கதான். மெஷினே தேர்ந்தெடுத்தது. அப்படிப்பட்டவங்க இப்படிப் பண்ணிட்டாங்களேன்னுதான் எனக்கு வருத்தம்” என்று சொல்லிவிட்டுக் கதவை, அதாவது நுழைவு அனுபவத்தைச் சாத்திக்கொண்டார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொல்கிறவன் சொன்னாலும் கேட்பவருக்கு மதி வேண்டும். அண்ணிக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது.

அவர் நடையில் மாட்டியிருந்த ‘சிறந்த ஊழியர்’ பலகைக்கு முன்னால் போய் நின்றார். பெரிய சட்டம். கீழே ஸ்டோர் கீப்பர் என்று பித்தளைத் தகடு. சட்டத்துக்குள் படம் இல்லை.

“திருடின்னு தெரிஞ்சதும் கழட்டிட்டாங்க போல” என்றான் அப்டேட்.

“எப்போ கழட்டியிருப்பாங்க?”

“நேத்து சாயங்காலம்.”

“அப்போ இவர் எப்போ குடி வந்தார்?” அண்ணி விரலால் காட்டினார். சட்டத்தின் மேல் மூலையில் ஒரு சிலந்தி. மூலைக்கு மூலை வலை கட்டி, நடுவில் நாலைந்து ஈக்களைச் சேமித்து, சொந்த வீட்டில் இருப்பவரின் நிம்மதியுடன் உட்கார்ந்திருந்தது. “ஒரே ராத்திரியில இவ்வளவு சம்பாதிக்க முடியுமா தம்பி?”

“முடியாது அண்ணி. நான் முயற்சி பண்ணிப் பார்த்திருக்கேன்.”

“அப்போ படம் போய் மாசக்கணக்கு ஆச்சு. ஆள் முகம் அளவுக்கு ஒரு படம். எங்கே போச்சு?”

அப்போது மணி இரண்டு. கேன்டீனிலிருந்து ஊழியர்கள் திரும்பத் தொடங்கினார்கள். அண்ணி வாசலுக்கு வந்து, ஒரு தூணில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். கண்ணாடிக் கதவு, மேலே கேமரா, இடது பக்கம் வாட்ச்மேனின் மேசை, வலது பக்கம் இந்தத் தூண்.

முதலில் வந்த பெண் கண்ணாடியைக் கழற்றினாள், முடியைப் பின்னால் தள்ளினாள், கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். சிவப்பு விளக்கு. இன்னும் கொஞ்சம் சிரித்தாள். சிவப்பு. அடுத்தவர் ஹெல்மெட்டால் கலைந்த தலையைத் துப்பலால் படிய வைத்தார். சிவப்பு. மூன்றாமவருக்குப் பச்சை வந்தது, ஆனால் ஒவ்வொருவராகத்தான் போகவேண்டும் என்று ஒரு குரல் மற்றவர்களைத் தடுத்தது. ஐந்து நிமிடத்தில் வரிசை ஷெட் வரை நீண்டது. வெயிலில் நின்ற அத்தனை பேரும் கேமராவைப் பார்க்கவில்லை. வாட்ச்மேனைப் பார்த்தார்கள். வாட்ச்மேன் ஆகாயத்தைப் பார்த்தார்.

“தினமும் இப்படித்தான் வரிசை நிக்குமா?” என்று அண்ணி அவரிடம் கேட்டார்.

“இல்லைங்க, இன்னைக்குத்தான்…” என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இன்னைக்கு என்ன விசேஷம்? நாங்க வந்திருக்கோம், அதானே?”

தூணின் பின்பக்கம் அண்ணியின் கை ஏதோ தடவிக்கொண்டிருந்தது. ஒரு கொக்கி. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான விரல்கள் பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு கறுத்திருந்தது. “இதுல என்ன அண்ணே மாட்டுவீங்க?”

வாட்ச்மேன் ஐம்பது வயதுக்காரர், பொய் சொல்லிப் பழகாதவர். மேசை டிராயரைத் திறந்தார். அட்டையில் ஒட்டி, மேலே ஒரு கயிறு கட்டி, ஸ்டோர் அக்கா அதே சிரிப்புடன் வெளியே வந்தார்.

“என்னைப் போலீஸ்ல சொல்லிடாதீங்கம்மா” என்று அழுதேவிட்டார் வாட்ச்மேன். “மொத மாசம் அக்கா நெஜமாவே தினமும் முதல் ஆளா வந்துச்சு. பரிசு கொடுத்தாங்க. இந்தப் படத்தைப் பலகையில மாட்டச் சொல்லி என்கிட்டத்தான் கொடுத்தாங்க. நான் தூக்கிட்டு இந்தப் பக்கமா நடந்தேன். கதவு தானா திறந்துச்சு. யாருக்கும் திறக்காத மெஷினு, இந்த அக்கா படத்துக்கு மட்டும் ஓடி ஓடித் திறக்குது. ஒரு ஆளுக்கு மூணு செகண்டுக்கு மேல ஆனா ‘அனுபவம் கெடுது’ன்னு எனக்குத்தான் சம்பளத்துல பிடிப்பாங்க. நான் என்னம்மா பண்ணுவேன்? கொக்கியில மாட்டி வெச்சேன். யாருக்குத் திறக்கலையோ அவங்க எடுத்துக் காட்டிட்டு, திரும்ப மாட்டிட்டுப் போவாங்க.”

“அப்போ ரெண்டாவது மாசமும் மூணாவது மாசமும் அக்காவுக்கு வந்த பரிசு…” என்றான் அப்டேட்.

“ஆபீஸே சேர்ந்து உழைச்சுக் கொடுத்ததுதான்.”

“யார் யாரெல்லாம் எடுப்பாங்க?”

“நான் பார்க்கறதில்லைங்க. பார்த்தா எனக்கும் பங்கு இருக்குன்னு ஆயிடும்.”

அப்டேட் தலையில் கை வைத்தான். “அண்ணி, முன்னாடி ஒரு திருடி. இப்போ அறுபது திருடங்க. நாம முன்னேறிக்கிட்டு இருக்கோமா, பின்னால போறோமா?”

அண்ணி அட்டைப் படத்தைத் தன் பெரிய கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “அண்ணே, இது என்கிட்ட இருக்குன்னு யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. முதலாளி உட்பட.”

*

ஷெட்டில் மறுபடியும் அக்காவின் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்தார். மணி மூன்று. நடந்ததைச் சொன்னபோது அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே அறுபது இடத்துப் பாவம் ஒரே முகத்தில் வந்து விழுந்திருந்தது.

“உங்க வேலையைப் பத்தி ஒண்ணு கேக்கணும்” என்றார் அண்ணி. “இந்தக் கம்பெனியில எது செஞ்சாலும் சாமான் உங்ககிட்டதானே வாங்கணும்? அந்த மூளைப் பெட்டிக்கு என்ன கொடுத்தீங்க?”

அக்கா யோசிக்கவே இல்லை. திருகு வரைக்கும் நினைவு இருந்தது. “ஒரு பிளாஸ்டிக் பெட்டி. சின்ன ஃபேன் ஒண்ணு. பல்பு மூணு, பச்சை, சிவப்பு, நீலம். ஒரு பேட்டரி. திருகு ஆறு.”

“வேற?”

“அவ்வளவுதான். மூளையை வெளியே எங்கேயாவது வாங்கிப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். என்னை யாரு கேட்டா?”

அண்ணியின் கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனது. “அதைக் கேக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கதான். அதனாலதான் உங்களைக் கையெழுத்துப் போட்டுட்டுப் போகச் சொல்றாங்க. தம்பி, ரெண்டு வேலை. இன்னைக்கு வர்ற முதலீட்டாளர் ஆபீசுக்கு ஒரு போன் போட்டு, அவங்ககூட யார் யார் வர்றாங்கன்னு கேளுங்க. அப்புறம் இந்தப் பதிவேட்ல, கடைசி மூணு வாரத்துல சொந்த முகத்துல ஒரு தடவைகூட உள்ளே வராத ஆள் யாருன்னு பாருங்க.”

போன் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. முதலீடு செய்யப்போகும் அம்மையார் ஒரு பொறியாளரையும் அழைத்துவருகிறார். பெட்டியைத் திறந்து பார்க்க. அந்தச் செய்தியை நேற்றுக் காலை பதினொரு மணிக்கு விஷன் சாருக்கு மட்டும் அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாவது வேலைக்குக் கால் மணி நேரம் ஆனது. கம்பெனியில் மொத்தம் அறுபத்து மூன்று பேர். அறுபத்திரண்டு பேருக்கு அந்த மெஷின் எப்போதாவது ஒரு நாளாவது இரங்கியிருந்தது. ஒரே ஒரு ஆளை மட்டும் இருபத்து மூன்று நாளாகத் தெரியவே தெரியாது என்று சாதித்தது.

அப்டேட் பெயரைப் பார்த்துவிட்டு, வரவேற்பு மேசையில் கிடந்த வணிகப் பத்திரிகையை ஓடிப்போய் எடுத்துவந்தான். அட்டையில் விஷன் சார். புதுத் தாடி, நட்டு வளர்த்த புதுத் தலைமுடி. சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தில் இருந்தவர் மழுமழுவென்று சிரைத்த முகமும் வழுக்கையுமாக இருந்தார். பத்திரிகை வந்த தேதி, சரியாக இருபத்து நான்கு நாளுக்கு முன்னால். உள்ளே பேட்டியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘தாடி வைத்தாலும் தலை நரைத்தாலும் எங்கள் மூளை ஏமாறாது.’

“அதனால புது முகத்தைப் பதிவு பண்ணவும் முடியாது” என்றான் அப்டேட், தன்னையறியாமல் பரிதாபமாக. “பண்ணினா பேட்டி பொய்னு ஆயிடும். பாவம், சொந்த ஆபீசுக்கு அந்நியன்.”

“தானே வெட்டின குழிக்கு யாரைத் தம்பி நோகறது? நேத்து ஒன்று பத்துக்கு மத்தவங்க எங்க இருந்தாங்க?”

“அதுக்கு சாட்சி இருக்கு. சார் ‘குழு உணர்வு’ வளர்க்கறதுக்குன்னு நேத்து எல்லாரையும் சேர்ந்து சாப்பிடச் சொல்லியிருக்கார். கேன்டீன்காரர் ஒரு குரூப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார். நேரம் 1.10.” அவன் விரலால் தலைகளை எண்ணினான். மெஷின் எண்ணுவதைவிட மெதுவாக, ஆனால் ஒவ்வொரு தலையாக. “வாட்ச்மேனையும் சேர்த்து அறுபத்தொண்ணு. இல்லாதது ரெண்டே பேர். அக்கா பல் டாக்டர்கிட்ட. சார் ‘முக்கியமான ஒரு கால்’ பேசப் போயிட்டாராம்.”

“கால் பேச வெளியேதான் போனேன்னு சொல்லுவார்” என்றார் அண்ணி. “நெஜத்தை வாயால சொல்ல மாட்டார். கையால சொல்லட்டும்.”

*

மூன்றே முக்காலுக்கு விஷன் சார் தானாகவே வந்து வலையில் விழுந்தார். அறுபது பேரையும் வெளியே வரிசையாக நிறுத்தி, கார் வந்ததும் கைதட்டச் சொன்னார். விருந்தாளி அட்டைகள் அத்தனையையும் வாங்கிப் பூட்டச் சொன்னார். “இன்னைக்குக் கார்டு கிடையாது. முகம் மட்டும்தான்.” கடைசியாக அவரும் வெளியே வந்தார். கண்ணாடிக் கதவு அவருக்குப் பின்னால் மெத்தென்று மூடிக்கொண்டது.

அப்டேட் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். “அண்ணி, இதைக் கேளுங்க. தெரியாத முகம் ஒண்ணே தொடர்ந்து மூணு தடவை முயற்சி பண்ணினா கதவு பூட்டிக்குமாம். அப்புறம் நம்பிக்கைப் புள்ளி அதிகமா இருக்கிற ஒரே ஒரு முகத்துக்குத்தான் திறக்குமாம்.”

“அந்த முகம் யாரோடது?”

இருவரும் ஷெட்டைப் பார்த்தார்கள்.

கார் வந்தது. அறுபது பேரும் கைதட்டினார்கள். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு அம்மையார் இறங்கினார். பின்னால் ஒரு ஆள், சட்டைப் பையில் திருப்புளியுடன். விஷன் சார் வானத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். எதிர்காலத்துக்குச் சாவி கிடையாது என்றார். நம்பிக்கையே புதிய பூட்டு என்றார். அம்மையார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“பேச்சு உள்ளே போய் வெச்சுக்கலாம். முதல்ல நீங்க திறங்க. எப்படித் திறக்குதுன்னு பார்ப்போம்.”

“நானா? விருந்தாளிங்க முன்னால…”

“நீங்கதான்.”

விஷன் சார் கேமராவைப் பார்த்தார். சிவப்பு. தாடியைக் கையால் மறைத்துக்கொண்டார். சிவப்பு. நட்டு வளர்த்த முடியைப் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். சிவப்பு. ‘அறிமுகம் இல்லாத நபர்’ என்று இனிமையான பெண் குரல் சொன்னது. உள்ளே தாழ் விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அப்போது அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, தூணின் பின்பக்கம் போனது.

கொக்கியைத் தொட்டது. ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே தடவியது. மேலே தடவியது. இருபத்து மூன்று நாள் பழக்கம். அறுபது பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அந்தக் கை எதைத் தேடுகிறது என்று அவர்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“இதைத்தான் தேடறீங்களா சார்?” அண்ணி கைப்பையிலிருந்து அட்டைப் படத்தை எடுத்தார்.

கை அப்படியே நின்றது.

“இது என்ன?” என்றார் அம்மையார்.

“இவங்க மூளையை ஏமாத்தற அட்டைங்க” என்றார் அண்ணி. “நேத்து ஒன்று பத்துக்கு உள்ளே போனது இந்த அட்டை. மெஷின் சொல்றது நெஜம்னா, சார் இருபத்து மூணு நாளா இந்த ஆபீசுக்கே வரலை. சார் வந்தது நெஜம்னா, மெஷின் சொல்றது பொய். ரெண்டுல எதுன்னு அவரே சொல்லட்டும்.”

“இது ஒரு… கற்றல் கட்டம்” என்றார் விஷன் சார். “ஒவ்வொரு கண்டுபிடிப்புலயும்…”

அப்டேட்டால் இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எத்தனையோ மேடையில் இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுக் கைதட்டி, கையில் இருந்ததைக் கொடுத்து ஏமாந்தவன் அவன். “சார், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். எல்லாக் கேமராவுக்கும் ஒரே மூளைன்னு போட்டிருக்கீங்க. அந்த மூளை நேத்தே காணாமப் போச்சு. அப்போ இன்னைக்கு உங்களைத் தெரியாதுன்னு சொல்றது யாரு?”

திருப்புளிக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அண்ணி கிட்டப் போய்த் தணிந்த குரலில் பேசினார். “கிளெய்ம் பேப்பர்ல நீங்க இன்னும் கையெழுத்துப் போடலை. இப்போ சொன்னா அது அசட்டுத்தனம். போட்ட பிறகு தெரிஞ்சா மோசடி. நான் ரெண்டையும் எழுதத் தெரிஞ்சவ.”

விஷன் சார் வியர்வையில் நனைந்து நின்றார். கடைசியில், “என் கார்ல இருக்கு. பின் சீட்டுக்குக் கீழே” என்றார்.

திருப்புளிக்காரர் அங்கேயே, கார் பானெட்டின் மேல் வைத்து ஆறு திருகையும் கழற்றினார். ஒரு சின்ன ஃபேன், ஒரு பேட்டரி, மூன்று பல்பு. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எதைக் குளிர வைக்கிறது என்று அதற்கும் தெரியவில்லை.

“உள்ளே போய் உட்கார்ந்து பேசலாமே” என்றார் விஷன் சார் ஈனமாக. வெயில் கொளுத்தியது. கதவோ பூட்டியிருந்தது. வாட்ச்மேன் தயங்கித் தயங்கி ஷெட்டைப் பார்த்தார். பிறகு அறுபது பேரும் பார்த்தார்கள். அண்ணி அட்டைப் படத்தைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

ஸ்டோர் அக்கா எழுந்து வந்தார். நிதானமாக, வீங்கிய தாடையும் அதுவுமாக. விஷன் சாருக்கு எதிரில் நின்றார்.

“என்ன சொல்லி அனுப்பினீங்களோ, அதே குரூப்ல, என்ன நடந்துச்சுன்னு போடுங்க. இப்போ. நான் பார்க்கறேன்.”

“அக்கா, உள்ளே போய்…”

“வெளியே வெச்சுத்தானே என்னை உட்கார வெச்சீங்க.”

விஷன் சார் கைபேசியை எடுத்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். அக்கா எட்டிப் பார்த்து, “‘தவறுதலாக’ன்னு இருக்கே, அதை எடுங்க” என்றார். எடுத்தார். அறுபது கைபேசிகள் அடுத்தடுத்துச் சிணுங்கின. ஸ்டோர் கீப்பர் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்று அத்தனையிலும் இருந்தது.

அதற்கப்புறம்தான் அக்கா கதவின் பக்கம் திரும்பினார். முடியை ஒதுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. பச்சை விளக்கு எரிந்தது. தாழ் விலகியது. அம்மையாரும் விஷன் சாரும் அறுபது பேரும் ஒருவர் பின் ஒருவராக அவரைக் கடந்து உள்ளே போனார்கள். போகும்போது பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்டேட் கைக்கணினியைப் பார்த்தான். ‘ஸ்டோர் கீப்பர், 4.20.’ மூன்று மாதத்தில் அந்த மெஷின் எழுதிய உண்மைகளில் இதுவும் ஒன்று.

அக்காவின் கைபேசி ஏழாவது தடவையாகத் துடித்தது. இந்தத் தடவை எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் படபடவென்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா முழுவதையும் கேட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் இல்லடி. இங்க கதவு ஒண்ணு யாருக்கும் திறக்காம நின்னுச்சு. அம்மா வந்துதான் திறந்துவிட்டேன்.”